உலர்த்துகிறவரின் பாதம்

ஏலக்காய் ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் ஒற்றைக் கால் தடம் மட்டும் ஈரமாக விழுந்திருந்தது. யாரோ வெளியாள் உள்ளே வந்து போயிருக்கிறான் என்றுதான் மகாராஜன் முதலில் நினைத்தார். தடம் அடுப்பு வாசலில் தொடங்கி, தட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்த் திரும்பி, அவர் நின்ற இடத்தில் வந்து முடிந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் இல்லை, பிசுபிசுத்தது. அப்புறம்தான் தன் வலது காலைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியது. சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் விளிம்பில், பெரிய பொத்தான் அகலத்துக்குத் தோல் வெந்து கழன்றிருந்தது.

வலி என்று ஒன்று இருந்தால்தானே தெரிவதற்கு.

மலையில் ஸ்டோர் என்றால் கடை இல்லை; பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடான புகை ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக அறையின் தரையோரம் ஓடி மறுபக்கம் வெளியேறும். புகை காயைத் தொடாது, குழாயின் சூடு மட்டும் தொடும். பச்சைக் காயின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை நாற்பத்தைந்து, ஐம்பது டிகிரியில் நிதானமாக வெளியே கூப்பிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் வெடிக்கும், பச்சை வெளுத்துப்போகும். ஈரத்தோடு விட்டால் மூட்டைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பக்குவம் வந்த காயை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். போடிமெட்டுக்குக் கீழ்ச் சரிவில் இருந்த அந்த ஸ்டோரில், முப்பது வருடமாக அந்தச் சலசலப்பைக் கேட்டுத்தான் மகாராஜன் அடுப்பை அணைத்தார்.

தட்டுகளை இடம் மாற்ற உள்ளே போகும்போது வெறுங்காலில்தான் போவார். காய் புழங்கும் இடத்தில் செருப்பு போடுவதில்லை என்பது அவர் பழக்கம். எந்த நாளிலோ கால் குழாயில் பட்டு நின்றிருக்கிறது. பதினோரு வருடச் சர்க்கரையில் நரம்புகள் நுனியிலிருந்து சாகத் தொடங்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான் என்பதால் பாதம்தான் முதலில் ஊமையாகும். அவருடைய பாதம் எப்போது ஊமையானது என்று அவருக்கே தெரியாது.

மூன்று மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலை எடுத்துவிட வேண்டும், அதோடு நிற்குமா, முன்பாதமும் சேர்த்துப் போகுமா என்பது எடுக்கும்போதுதான் தெரியும் என்றார். முன்பாதம் இல்லாமல் அந்தச் சரிவில் ஒரு ஆள் நிற்க முடியாது; மழைக்காலத்தில் இரண்டு பாதமும் முழுசாக உள்ளவனே வழுக்குகிறான். மலையை விட்டால் ஓசூரில் மகன் ராம்பிரசாத் வீட்டின் மூன்றாவது மாடி. மகன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். மருமகளும் நல்ல பெண். ஒருமுறை போய் நான்கு நாள் இருந்தார். அவர்கள் வேலைக்குப் போனபின் சுவரில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் போடி பஸ்சு ஏறிவிட்டார்.

அறுவைக்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது என்று அவரை டாக்டர் ஜோதியிடம் அனுப்பினார்கள். ஜோதிக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. படம் போட்டு விளக்கினால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு தாளின் பின்பக்கத்தில் குழி வரைந்தார். அதற்குள் புள்ளி புள்ளியாகக் கிருமிகள். அவற்றுக்கு மேலே ஒரு கோடு.

சர்க்கரைப் புண்ணில் கெட்ட கிருமிகள் தனித்தனியாகத் திரிவதில்லை, கும்பலாக உட்கார்ந்து தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு கூடாரம் கட்டிக்கொள்கின்றன என்றார். மாத்திரை அந்தக் கூடாரத்துக்குள் சரியாக இறங்காது. விரட்ட வரவேண்டிய உடம்பின் காவல் அணுக்களோ, சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மந்தமாகிக் கிடக்கின்றன. அதனால் வேறு கிருமிகளையே உள்ளே இறக்கிப் பார்க்கப்போகிறோம், தயிர் உறையவைக்கிற கிருமியின் பங்காளிகள் என்றார்.

மகாராஜன் சந்தேகமாகப் பார்த்தார். ஜோதி பாலை உதாரணம் சொன்னார். காய்ச்சின பாலைச் சும்மா விட்டால் கெட்டுப்போகிறது. ஒரு கரண்டி உறைமோர் விட்டால் தயிராகிறது. பால் ஒன்றுதான். உள்ளே யார் முதலில் இடம் பிடித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இவை புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் கெட்டவற்றுக்குக் குடித்தனம் நடத்த முடியாது. உடம்பின் அணுக்களையும் இவை தட்டி எழுப்பக்கூடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தயிரை எடுத்துத் தடவிவிடக் கூடாது, அதில் வேறு என்னென்னவோ இருக்கும். இது ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்த்து, எண்ணி, பசையில் கலந்தது.

"பலிக்கும்னு நான் சத்தியம் பண்ணலை ஐயா. பலிக்குதான்னு பாக்கத்தான் இருபத்தாறு பேரைச் சேத்திருக்கோம். ஆறாவது வாரம் புண்ணு பாதியாவது சுருங்கியிருக்கணும். இல்லேன்னா காத்திருக்க முடியாது, விரலை எடுத்துருவாங்க."

வாரத்துக்கு ஏழு சின்னக் குழாய்களில் பசை கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் கிருமிகள் சாகாமல் குளிரில் வைக்க வேண்டும். தினமும் காலையில் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, பசையைத் தடவி, ஈரத்துணி வைத்துக் கட்ட வேண்டும். புண் தரையில் படாதபடி அந்த இடத்தில் மட்டும் குழிந்த செருப்பு ஒன்று. கட்டுவதற்கு முன் உள்ளங்காலைப் படம் பிடித்து அனுப்ப ஆய்வுக்காரர்களே ஒரு போன் கொடுத்தார்கள். படங்களைப் பார்ப்பது நர்சு காளீஸ்வரியின் சோலி.

ஸ்டோரில் பிரிட்ஜ் கிடையாது. மகாராஜன் குழாய்களைத் தூக்குவாளியில் போட்டு மூடி, ஓடையில் பாறை நிழல் விழும் இடத்தில் கழுத்துவரை அமிழ்த்தி, கம்பியால் வேரில் கட்டினார். காய் அறைக்கு மாற்றாக வைத்திருந்த வெப்பமானியைக் கொண்டுபோய் உள்ளே விட்டுப் பார்த்தார். பதினான்கு டிகிரி. மத்தியானம் பார்த்தார், பதினைந்து. ஜோதியிடம் கேட்டதில் அது போதும் என்றார். வாழ்நாள் முழுக்கச் சூட்டைக் காத்தவருக்குக் குளிரைக் காப்பது புது விளையாட்டாக இருந்தது.

படம்தான் வரவில்லை. முழங்கால் மடங்காத வயது. போனைக் காலுக்கு அடியில் கொண்டுபோய் குத்துமதிப்பாக அமுக்குவார். ஜீப்பு ரோட்டு வளைவு வரைக்கும் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மெதுவாக ஏறி அனுப்பிவிட்டு நிற்பார். மூன்றாம் நாள் காளீஸ்வரியின் குரல் வந்தது.

"அண்ணே, மூணு நாளா தகரக் கூரையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கூரைக்கு ஒண்ணும் இல்ல, நல்லாருக்கு. காலைக் காட்டுங்க."

அன்றைக்கு வளைவில் தனியாக நின்று சிரித்தார். மனைவி சந்திரவல்லி இறந்து ஏழு வருடத்தில் அவர் காலையில் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காய் எடுக்க வரும் பெண்கள் ஜீப்பில் வந்து, காட்டுக்குள் போய், பொழுது சாயுமுன் லோடு இறக்கிவிட்டு அதே ஜீப்பில் போய்விடுவார்கள். அப்புறம் அவரோடு பேச அடுப்பு மட்டும்தான். இப்போது தினம் ஒரு ஆள் அவர் உள்ளங்காலைப் பார்த்து, 'பாத்தாச்சுண்ணே' என்று ஒரு வரி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டுத்தான் சரிவில் இறங்குவார்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

பசையைத் தடவியதும் அவர் கட்டுப் போடவில்லை. காய் அறையின் காற்றுப்போக்கிப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு, வெளியே வரும் சூடான காற்றுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கால் பொறுக்காத சூடா என்று கையை வைத்துப் பார்த்துக்கொள்வார். அரைமணி நேரத்தில் பசை இறுகி வெள்ளைப் பொருக்காகும். விரலால் தொட்டால் ஒட்டாது. ஈரம் போய்விட்டது என்று மனசு சமாதானமானபின், கொடுத்தனுப்பிய ஈரத்துணியையும் பிழிந்து உதறி, அதே காற்றில் காட்டி, அப்புறம் கட்டுவார். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் எதுவும் கெடும் என்பது அவர் படித்த ஒரே பாடம். அதை மீறுவது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நாலாவது வாரம் ஜோதி அளவுகோலை வைத்துப் பார்த்தார். புண் வந்தபோது எவ்வளவோ இப்போதும் அவ்வளவு. புண்ணைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஊட்டம் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தேய்த்து வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற கிருமி அந்த ஊட்டத்தைத் தின்று இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாகப் பெருகும். மகாராஜன் தட்டில் கெட்டவற்றின் புள்ளிகள் நிறைய இருந்தன. இறக்கிவிட்டவற்றில் ஒன்றுகூட இல்லை.

"நாங்க உசுரோட அனுப்புறோம், உங்க கால்ல போய்ச் செத்துருது. எல்லாம் சொன்ன மாதிரிதான செய்றீங்க?" என்று ஜோதி கேட்டார். சொன்னபடிதான் என்றார் மகாராஜன். தூக்குவாளி வெப்பநிலையைத் தேதிவாரியாக ஒப்பித்தார். ஜோதிக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று அறுவைக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஜீப்பில் திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் வலது காலை அழுத்தி, அது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அழுத்துவது தொடைக்குத் தெரிந்தது, பாதத்துக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மழை மூட்டம். வழக்கமாகப் படம் எடுக்கும் ஓடைப்பக்கம் வெளிச்சம் போதாமல், முக்காலியில் உட்கார்ந்தபடியே, பசை தடவி முடித்தபின்தான் படம் எடுத்தார். வளைவுக்கு ஏறி அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காளீஸ்வரி எழுதத்தான் செய்வாள், தேவையில்லாமல் கூப்பிடமாட்டாள்.

"அண்ணே, காலுக்குப் பின்னாடி வலை அடிச்ச தட்டு தெரியுது. எங்க உக்காந்திருக்கீங்க?"

"ஸ்டோர்லதான் தாயி. காத்துப்போக்கிகிட்ட."

"அங்க என்ன சோலி?"

"காலைக் காயவெக்கிறேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"மொத நாள்லருந்து. அரைமணி நேரந்தான். நல்லாப் பொருக்குத் தட்டிரும், ஒட்டாது. அதுக்கப்புறந்தான் கட்டுறது."

"உங்க கால் என்ன ஏலக்காயாண்ணே? காயவெச்சு, சலிச்சு, மூட்டை கட்டிப் போடிக்கு ஏத்தப்போறீங்களா?" காளீஸ்வரியின் குரல் நடுங்கியது. கோபமா, அழுகையா, அவருக்குப் பிடிபடவில்லை. "அது உசுருண்ணே. ஈரத்துலதான் இருக்கும். தினமும் நாங்க அனுப்புறதை நீங்க உக்காந்து வறுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். கிருமிக்கு மட்டுமில்லை, தோலுக்கும் ஈரம் வேண்டும். புண் மேலேயிருந்து மூடுவதில்லை; விளிம்பில் இருக்கிற தோல் அணுக்கள் நடுவை நோக்கி நகர்ந்து நகர்ந்து வந்து சேருகின்றன. ஈரத்தளத்தில் அவை வழுக்கிக்கொண்டு போகும். பொருக்குத் தட்டினால் அதற்கு அடியில் குடைந்து வழி தேட வேண்டும். அதற்காகச் சொதசொதவென்றும் விடக்கூடாது, துணி கொடுக்கிற ஈரம் போதும். மகாராஜனுக்கு நாற்றங்கால் ஞாபகம் வந்தது. ஏலச்செடியின் சின்னக் கிழங்கை வெயிலில் ஒருநாள் போட்டால் போதும், அதற்கப்புறம் எத்தனை குடம் ஊற்றினாலும் துளிர்க்காது. அந்தச் செடியை அவர் வளர்த்ததில்லை. அவரிடம் வருவதெல்லாம் பறித்தபின்தான்.

"சூடு இருக்கிற பக்கமே அந்தக் காலு போகக்கூடாதுண்ணே. முடியுமா?"

முடியும் என்று சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. அது காய் மும்முரமாக வருகிற பருவம். அடுப்பும் காய் அறையும் இல்லாத இடத்தில் மகாராஜனுக்கு வேலை என்று ஒன்று கிடையாது.

முதலாளி லிங்கேஸ்வரன் கேட்டுவிட்டு, காலைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார், மறுநாளே தேவாரம் ஊரிலிருந்து ஜக்கையன் என்ற ஆளை வரவழைத்தார். நாற்பது வயது, உருண்டு திரண்ட தோள். மகாராஜன் எப்படி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். ஜக்கையன் மரியாதையாகத் தலையாட்டினான், இரண்டு ஸ்டோரில் இருந்திருப்பதாகவும் சொன்னான். மகாராஜன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம், தோட்டத்து ஆட்கள் தங்கும் லயத்தில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு அறைக்குப் போனார்.

அங்கே குளிர் இருந்தது, ஈரம் இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் கழுவி, பசை தடவி, ஈரத்துணியை அப்படியே வைத்துக் கட்டினார். முதல் இரண்டு நாள் கட்டுக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அவிழ்த்துப் பார்க்கக் கை துடித்தது. மீதிப் பொழுதெல்லாம் காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி கிடந்தார். கட்டுக்குள் இருப்பவை உயிரோடு இருக்கின்றன என்று காளீஸ்வரி சொன்னதால், அசையாமல் படுத்தால் அவற்றுக்கு நல்லது என்று எண்ணிக்கொண்டார். அந்த அறையில் அவரோடு வேறு யார் இருந்தார்கள்?

ஐந்தாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. ஸ்டோரின் வாசம் ஓடையைத் தாண்டி வந்தது. மூக்கில் ஏறியதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். பச்சை வாசம் போகுமுன்னே எண்ணெய் வாசம் தூக்குகிறது. சூடு அறுபதைத் தொட்டிருக்கும். இன்னும் ஒருமணி நேரம் இப்படியே போனால் அறை நிறைய இருக்கிற காய் வெளுத்துவிடும். ஓடைக்கரை வரை நடந்துவிட்டார். அங்கிருந்து கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அக்கரையில் அடுப்பு வாசல் தெரிந்தது, ஜக்கையன் தெரியவில்லை. ஓடையில் இறங்கினால் கட்டு முழுக்க நனையும். கல் கல்லாகத் தாண்டினால் பாரம் முழுதும் அந்தப் பாதத்தில்தான் விழும். அங்கே போய்விட்டால், தட்டுக்கு ஒரு கை வைக்காமல் திரும்பமாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி அறைக்கு வந்து, காலைத் தலையணையில் வைத்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். வாசம் மாலைவரை வந்துகொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் ஜோதி அளந்தார். சந்தேகப்பட்டு மறுபடி அளந்தார். பரப்பில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் ரவை சிந்தினதுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "உங்க ஆளுங்கதான். இருக்காங்க," என்றார். அறுவைக்குக் குறித்த நாளை அடித்தார். சர்க்கரையும் இறங்கியிருந்தது, செருப்பும் அதன் வேலையைச் செய்திருந்தது; இதில் கிருமியின் பங்கு எவ்வளவு என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது, இருபத்தாறு பேரும் முடியட்டும் என்றார். மகாராஜனுக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. அந்தப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாய், வெங்காயத்தோல் கனத்தில் ஒரு தழும்பு.

தோல்தான் மூடியிருக்கிறது, நரம்பு திரும்பாது என்று ஜோதி அழுத்தமாகச் சொன்னார். இனி ஆயுள் முழுக்கத் தினமும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கொப்புளத்தைத் தவறவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து, அடுத்த தடவை கால் தங்காது. கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கும் அவர் கண் போதாது.

"வீட்டுல பாக்குறதுக்கு ஆள் இருக்குல்ல?"

"இருக்காங்க," என்றார் மகாராஜன்.

காளீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆய்வு முடிந்துவிட்டதால் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உறையோடு வாங்கி மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கினாள். வெரசா போனால் நாலு மணி ஜீப்பைப் பிடிக்கலாம் என்றாள். வாசல்வரை வந்தாள்.

ஸ்டோரில் ஜக்கையன் நன்றாக ஊன்றியிருந்தான். இரண்டு பேரும் இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்: ஜக்கையன் அறைக்குள்ளே, மகாராஜன் வெளியே நின்று பக்குவம் சொல்லவும் காயைச் சலிக்கவும். மகாராஜன் செருப்போடு வெளியே நின்றார். முதல் நாள் முழுக்கச் சலித்தார். இரண்டாம் நாளும் சலித்தார். இரண்டு நாளும் காலை யாரும் பார்க்கவில்லை. வளைவு வரைக்கும் ஏறிப்போக இப்போது காரணமும் இல்லை.

மூன்றாம் நாள், காய்ப் பெண்களின் ஜீப்பு போனபின், அடுப்பு வாசலில் விறகு தள்ளிக்கொண்டிருந்த ஜக்கையனிடம் போய் நின்றார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தாகத்துக்குத் தண்ணீர்கூட அவர் யாரிடமும் கேட்டுப் பழகியதில்லை.

"ஜக்கையா, ஒரு சோலி. உள்ளங்கால்ல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லணும். தினமும் பாக்கணுமாம். எனக்குக் கண்ணு பத்தாது."

ஜக்கையன் விறகை அப்படியே விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். கேலி செய்யப்போகிறான் என்று நினைத்தார். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினான்.

"உக்காருங்கண்ணே. தூக்குங்க."

குந்தி உட்கார்ந்து குதிகாலைப் பிடித்தான். அவன் பிடித்திருப்பது மகாராஜனுக்குத் தெரியவில்லை. அவன் தலை குனிந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"ஒண்ணும் இல்லண்ணே. தழும்புதான் இருக்கு," என்றான். அடுப்பு தணியத் தொடங்கியிருந்தது. எழுந்து விறகுப் பக்கம் போய்விட்டான்.

மகாராஜன் காலை உடனே இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.